வளைவுக்குக் கீழே ஒரு தோட்டி

சுனிதா அக்கா நடக்கும்போது தரையைப் பார்ப்பதில்லை. சக்கை என்று எங்கள் ஊரில் சொல்லும் பலாப்பழத்தைப் பறிக்கிற தோட்டியை, அந்த நீளக் கொக்கிக் கம்பை, நெட்டுக்குத்தாகப் பிடித்து, அதன் அடி தாரில் உரச, நுனியைப் பார்த்தபடி சாலை நடுவே போகிறார். கொக்கிக்குக் கீழே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். தீயணைப்பு வண்டியின் கூரையில் சுழலும் விளக்கு வரைக்குமான உயரம் அது. கேபிள் வயரோ புளியங்கொம்போ மண்டபத்து அலங்கார விளக்கோ ரிப்பனைத் தொட்டால் நின்றுவிடுவார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்.

“ஏட்டி, கரண்டு கம்பத்துலயா சக்கை காய்ச்சி கெடக்கு?” என்று கேட்பார் டீக்கடை ஓமனா.

“இன்னும் பழுக்கல்ல அக்கா. பழுத்தா உனக்கும் ரெண்டு சொளை தாறேன்.”

எங்கள் நகராட்சியின் திட்டப் பிரிவில் அவர் தொழில்நுட்ப உதவியாளர். காலையில் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அதோடேயே முதல் டீயைக் குடிப்பார். எந்தக் கடைக்குள் போனாலும் விலை கேட்பதற்கு முன் “பொறத்து வழி உண்டா?” என்று கேட்பார். கல்யாண வீட்டில் வாசலை ஒட்டிய நாற்காலியைத் தேடி உட்காருவார். பந்தி அங்கே கடைசியாகத்தான் வரும். வந்தபோது சாப்பிட்டுக்கொள்வார்.

நான் அதே பிரிவில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறேன். பட்டம் வாங்கியும் இதுதான் என் வேலையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஐந்தாறு வருடங்களில் ரப்பர் தோட்டங்கள் வீட்டு மனைகளாகி, மனைகளில் மாடிகள் எழும்பி, ஊர் மேற்கே விரிந்துவிட்டது. பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி எதுவரை சீக்கிரம் எட்டும் என்று ஒரு நாள் நிறம் தீட்டிக் காட்டினேன். அக்கா திரையில் தன் வீட்டைத் தேடினார். அது நிறத்துக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்தது. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார். விரல் தடம் திரையில் அப்படியே இருந்தது.

போன மாசியில் அவர் வீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை எரிந்துபோனது. சந்தை நெரிசலைக் கடந்து வண்டி வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது. கேட்டால், “அவியளைக் குத்தம் சொல்லக் கூடாது மக்கா. தூரம் அப்பிடியாக்கும்” என்பார்.

மேற்குப் பகுதிக்குப் புதிய நிலையம் வேண்டும் என்று அதிகம் அலைந்தவர் அவர்தான். ஒருவழியாக அனுமதி வந்தது. இந்த மாதத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். இலவசமாக நிலம் தர முன்வந்தவர் ஒருவர்தான்: ரப்பர் வியாபாரி பகவதியப்பன். அந்த நிலத்துக்கு ஒரே ஒரு வழி. அந்த வழியின் தொடக்கத்தில் அவர் தன் அப்பாவின் பெயரைப் பொறித்துக் கட்டிய காங்கிரீட் வளைவு. அக்கா தோட்டியோடு போய்ப் பார்த்தார். ரிப்பனுக்கு மேல் இரண்டு விரல் இடம் இருந்தது. போதும் என்றார்.

சென்ற வெள்ளிக்கிழமை நிஜ வண்டியை வரவழைத்துப் பார்த்தார்கள். ஊரே கூடியிருந்தது. யாரோ சரவெடி கொளுத்தப் போக, தீயணைப்பு வீரர் ஒருவர் ஓடிப்போய்த் தடுத்தார். டிரைவர் ராஜகுமார் வண்டியை வளைவுக்குள் விட்டார். விளக்கு தொடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார், சக்கரங்களுக்கு மேலே பாரத்தில் அமுங்கியிருந்த வில்பட்டைகளை.

“டேங்கு வெள்ளத்தைத் தொறந்து விட்டுட்டு ஒருக்கா வரச் சொல்லுங்க,” என்றார்.

“எதுக்காக்கும்?” என்றார் பகவதியப்பன்.

“எங்க வீட்டுக்காரரு தண்ணி டேங்கர் ஓட்டுதாரு. காலத்த லோடோட போவும்போ முத்தத்துச் சக்கைக்கொம்பு தொடாது. சாயந்தரம் காலியா வரும்போ உரசும். வெள்ளம் போனா பாரம் கொறஞ்சு வண்டி மேல பொங்கும் அண்ணாச்சி. நான் ரிப்பன் கெட்டுனது நெறஞ்சு நின்ன வண்டியப் பாத்து.”

“வண்டியா இது, சினைமாடா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள்.

எங்கள் பொறியாளர் அக்காவின் காதருகே குனிந்தார். “சுனிதா, கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. இதக் கெடுத்திராத.”

அக்கா தோட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். இருந்துவிட வேண்டும் என்றும் விரும்பினேனோ, தெரியவில்லை. “எனக்கும் இந்த ஸ்டேஷன் வேணும் சார்,” என்று மட்டும் சொன்னார். பிறகு ராஜகுமாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வண்டி பின்னால் போய் வாழைத்தோட்டத்தின் ஓரம் நின்றது. வால்வைத் திறந்தார்கள். அவ்வளவு தண்ணீரும் வடிய நேரம் பிடித்தது. பகவதியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

வண்டி திரும்பி வந்தது. அக்கா வளைவுக்கு நேர் கீழே நின்றார். “பைய வாங்க... பைய...”

நறுக்கென்று சத்தம். விளக்கின் மூடி காங்கிரீட்டில் பட்டு விரிசல் விட்டது. உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் அக்காவின் முகத்தில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

“திரும்ப வெள்ளம் நெறச்சா உள்ள போவும்லா?” என்றார் பகவதியப்பன்.

“தீயணைச்சிட்டு வாற வண்டிக்கு வழியில ஆரு வெள்ளம் நெறைப்பாவ அண்ணாச்சி? உள்ள வந்து நெறச்சாத்தானே அடுத்த தீக்குப் போவ முடியும்?”

“அப்போ எனக்க அப்பனுக்க பேரை இடிக்கணும். அதானே சொல்லுத?”

“பேரை இடிக்காண்டாம். வளைவைக் கொஞ்சம் ஒசரமாப் பொக்கிக் கெட்டுனா போதும்.”

“முடியாதுன்னு சொன்னா? எடம் வேண்டாமா?”

பொறியாளர் தரையைப் பார்த்தார். ராஜகுமார் எஞ்சினை அணைத்தார். அக்கா ஒரு நொடி மேற்கே, தன் வீடு இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு தோட்டியைச் சாலையில் கிடத்தி, பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, இறுகிப்போயிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். ரிப்பனை ஒரு சாண் மேலே, காலி வண்டியின் உயரத்துக்கு, ஏற்றிக் கட்டினார். எழுந்து, எல்லோரும் பார்க்க, தோட்டியை வளைவை ஒட்டி நிமிர்த்திப் பிடித்தார். சிவப்பு ரிப்பன் பகவதியப்பனின் அப்பா பெயருக்கு நேராக ஆடியது. அக்கா தோட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.