வேம்பில் கட்டிய உமல்

எங்கள் நாட்டுப் பசுவுக்குச் சினை ஊசி போட்டுப் பிறந்தது அந்தச் சிவலைப் பசு. தகப்பன் யேர்சி என்ற சீமை இனம் என்றார்கள். தாய் காலையில் ஒரு போத்தில் கறக்கும். மகள் ஆறு கறக்கும் என்று ஐயா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அது முதல் கன்று போட்டபோது எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து இரண்டு மாதம். அம்மாவிடம் பால் இல்லை. சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டியிருந்ததால் கடையில் பால்மாவும் இல்லை. தம்பிக்கு அந்தப் பசுதான் என்று எல்லாரும் பார்த்திருந்தோம்.

கன்று போட்டால், கன்றுக்குப் பின் விழும் இளங்கொடியை உமல் என்ற ஓலைப் பையில் போட்டு, பால் வடியும் மரத்தில் கட்டவேண்டும். அப்போதுதான் பசு பால் சுரக்கும் என்பது எங்கள் வழக்கம். ஐயா உமலை என்னிடம் தந்தார்.

“கோயிலடி ஆலமரத்திலை கட்டிப்போட்டு வா. நாய்க்கு எட்டக்கூடாது.”

பாதி வழியில் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது. வேலியோடு படுத்தேன். அது போனதும் பக்கத்தில் நின்ற வேம்பில் உமலைக் கட்டிவிட்டு ஓடி வந்தேன்.

“ஆலமரத்திலைதானே?”

“ஓம் ஐயா.”

பசு இரண்டு போத்தில் கறந்தது. பிறகு ஒன்று. பிறகு அரை. கன்று வேறு கத்தியது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பார்க்க வந்தார்.

“என்ன அத்தான், உங்கடை வெள்ளைக்காரி மடியைப் பூட்டி வைச்சிருக்கிறாவோ? ஊசிக்காரன் ஏமாத்திப்போட்டான். உது யேர்சி இல்லை.”

“இனத்திலை பிழை இல்லையடா. திருநெல்வேலிச் சந்தை மட்டும் சைக்கிள் உழக்கினனான். புண்ணாக்கு இல்லை, தவிடு இல்லை. வெறும் பனையோலையைத் திண்டு உது என்னத்தைக் கறக்கும்? நாட்டு மாடெண்டால் தாங்கும்.”

எனக்குத் தாங்கவில்லை.

“ஐயா, நான் வேப்பமரத்திலைதான் கட்டினனான்.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். ஐயா அடிக்கவில்லை. அந்தத் துணிவில் இன்னொன்றும் கேட்டேன்.

“அப்ப அம்மான்ரை இளங்கொடியை எந்த மரத்திலை கட்டினவை?”

மாமாவின் சிரிப்பு நின்றது. ஐயா எழும்பி வளவுப் பக்கம் போனார்.

அம்மா கையில் கஞ்சிக் கோப்பையோடு இருந்தா. ஒரு வாய் குடிக்கவில்லை. கொட்டிலுக்குப் போய்ப் பசுவின் தொட்டியில் ஊற்றினா. பசு தொட்டியை நக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. அடுத்த நாளும் அப்படியே செய்தா. அம்மாவுக்குக் கஞ்சி பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலமரத்தில் கட்ட உமலைத் தேடி வேம்படிக்குப் போனேன். கயிறு மட்டும் தொங்கியது.

மாமா வந்துபோன நான்காம் நாள் தம்பி அழுவதை நிறுத்தினான். சேலையில் கட்டிய ஏணையில் கண்ணைத் திறந்தபடி சத்தமில்லாமல் கிடந்தான். வயிறு நிறைந்துவிட்டது, பசு பால் கூட்டிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று முழுக்கச் சந்தோசமாக விளையாடினேன்.