மின்னுகிற கல்லில் படி வைக்காதீர்கள்

மாடிப்படிக்குக் கல் எடுக்கச் சனிக்கிழமை நைனாவோடு, அதாவது அப்பாவோடு, பலமனேர் போய்வந்தேன். வீடு கட்டுகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். அம்மாவின் போனை அவருக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறேன். பக்கத்து அறையில் இன்னும் பேச்சுக் குரல் கேட்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூரில் காலை ஏழு மணிக்குப் பஸ். நாற்பது கிலோமீட்டர், மலையேற்றம் இருப்பதால் ஒன்றேகால் மணி நேரம். ஆதார் காட்டினால் பெண்களுக்குக் காசு இல்லை. நைனாவுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது.

கல் பட்டறை அம்மாவின் அண்ணனுடையது. எங்களுக்கென்று மாமா ஒதுக்கியிருந்த கற்கள் வெயிலில் ஜரிகை போல மின்னின. எங்கள் படிகளுக்கு ஒரு முனைதான் சுவருக்குள். மறுமுனை அந்தரத்தில் நிற்கும். பள்ளியில் பாறைகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்தவள் நான். கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கறுப்பு மைக்கா, அதாவது மின்னுகிற காக்காப்பொன், குறுக்கே பட்டையாக ஓடியது. கல்லில் இருக்கும் மற்ற கனிமங்களில் குவார்ட்ஸ் கெட்டி. ஃபெல்ட்ஸ்பார், மாவாக உதிராதவரை கெட்டி. மைக்கா மட்டும் ஏடு ஏடாக உரியும். கல் முழுக்கத் தூவினாற்போல் இருந்தால் பரவாயில்லை. ஒரே வரிசையில் படுத்திருந்தால் அந்த இடத்தில்தான் உடையும்.

“மாமா, இது வாணாம். உடைஞ்சிடும்.” என்று பட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

“கல்லு பாக்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியாம்மா? கொற சொல்லிக்கினே கீறே!”

நைனா சிரிக்கவில்லை. “ஒருவாட்டி ஏறித்தான் பாரேன், மச்சான்.”

“சர்லே” என்று மாமா ஒப்புக்கொண்டார்.

பட்டறை ஆட்கள் அந்தக் கல்லின் ஒரு முனைமேல் பாரம் அடுக்கி, மறுமுனையை ஓரடி உயரத்தில் வெளியே நீட்டினார்கள். மாமா ஏறினார். ஒன்றும் ஆகவில்லை.

“இன்னா டீச்சரம்மா?” என்று ஒரு குதி குதித்தார்.

கல் சரியாக அந்தப் பட்டையில் முறிந்தது. மாமா கல்தூளில் உட்கார்ந்திருந்தார். அடி இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை; அதுதான் பயமாக இருந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், பொடிமணிகள் கொண்ட சாம்பல் நிறக் கற்களைக் காட்டி, “இத்த எட்துக்கினு போ” என்றார். என்னைப் பார்க்கவில்லை. நைனா அதிலும் ஏறிக் குதித்தார். கல் அசையவில்லை. பாதிப் படிக்குத்தான் அதில் கல் இருந்தது; மீதி பிறகு வரும்.

நீங்கள் போனால் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கல்லை நனைத்தால்தான் பட்டை தெரியும். மணிகள் சிறிதாக, ஒன்றுக்குள் ஒன்று இறுகியிருக்கிற கல்லாக எடுங்கள். சொந்தக்காரர் கடையென்றாலும் பாருங்கள்.

இப்போது பக்கத்து அறையில் அம்மா நைனாவிடம் சொல்கிறார்: “நாலு பேரு முன்னாடி எங்கண்ணன உக்கார வச்சிட்டா உன் பொண்ணு.”

“அந்தக் கல்ல மாடிப்படியில வச்சிருந்தா, அரிசி மூட்டையோட நீ உக்காந்திருப்ப,” என்கிறார் நைனா.

பிறகு அம்மாவின் குரல்: “மீதிக் கல்லு வந்தா, அவளையே தண்ணி ஊத்திப் பாக்கச் சொல்லு.”