கழற்றிய சாமான் உடையவருக்கே

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. ஆராதனைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். அண்ணன் பொறுமைசாலி, பக்திமான், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்று மற்றவர்கள் அழகாக எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் உங்களில் பாதிப்பேர் மனத்தில் இன்னொன்றும் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த மிசின் விவகாரம். அடக்கத்தன்று துட்டி வீட்டிலேயே இரண்டு பேர் வாசலில் நின்று அதைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்தது. ஆகவே நான் அதைப் பற்றியே எழுதுகிறேன். யாருக்காவது வருத்தமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஆமத்தூரில். மிஷன் பள்ளி ஆசிரியரின் மூத்த மகன். அப்பா திடீரென்று காலமானபோது அண்ணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. விருதுநகரில் பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையில் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். நான் படித்து மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அப்படி வந்தவர்தான் மதினி.

வெள்ளைக்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போன காலம் அது. மிஷன் பங்களாக்களிலும் கொடைக்கானல் வீடுகளிலும் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் தூசி உறிஞ்சும் மிசின்களும் இருந்தன. நம் வீடுகளுக்கு அதில் என்ன வேலை? விளக்குமாறு போதும். ஆனால் சிவகாசி அச்சகக்காரர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். ஈய எழுத்துகள் கிடக்கும் பெட்டிகளில் தூசி அடைந்துவிடும்; ஊதினால் அடுத்த பெட்டிக்குப் போகும். மிசினின் வாயில் மெல்லிய துணியைக் கட்டிப் பிடித்தால் எழுத்து பெட்டியிலேயே கிடக்கும், தூசி மட்டும் உள்ளே போகும்.

மிசின்கள் எல்லாம் பழசு. செய்த கம்பெனிகளே அந்த மாடலை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பெல்ட் அறுந்தாலும் பை கிழிந்தாலும் மாற்றுச் சாமான் கிடையாது. அண்ணன் ஆலை வேலையை விட்டு, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கடை போட்டது இந்தச் சாமான்களை நம்பித்தான். மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க உட்கார்ந்து குவியலைக் கிளறுவார். கொழும்பிலிருந்து வரும் உறவினர்களுக்கு, சேலை துணிமணி வேண்டாம், அங்கே பழைய மிசின் கிடந்தால் பேரிங்கைக் கழற்றி வாருங்கள் என்று எழுதுவார். கிடைக்காததைச் செய்வார். சைக்கிள் டியூபை வெட்டிப் பெல்ட்டாக்குவார். காடாத் துணியில் பை தைக்கக் கொடுப்பார். தைத்துக் கொடுத்தது பெரும்பாலும் மதினிதான்.

விலை சொல்வதில் அண்ணனுக்கு ஒரு முறை இருந்தது. அசல் சாமானுக்கு ஒரு விலை, வேறு மிசினிலிருந்து எடுத்ததற்கு ஒரு விலை, தானே செய்ததற்கு ஒரு விலை. எது எந்த வகை என்பதை மறைக்க மாட்டார். வெள்ளைத் தாளை விரித்துத் தேய்ந்த சாமானையும் புதுச் சாமானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எனக்கு வந்த விலை இது, என் கூலி இது என்று சொல்லிவிடுவார். பேரம் கிடையாது. வேலை முடிந்ததும், கழற்றிய பழைய சாமானை அதே தாளில் மடித்து உடையவர் கையில் கொடுத்துவிடுவார். குப்பைக்குப் போகிற சாமானாக இருந்தாலும் கொடுப்பார். “கழட்டுன சாமான் உடையவுகளுக்குத்தான் போகணும்” என்பார். அந்தப் பொட்டலத்தை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் சிவகாசி முதலாளி ஒருவரும் உண்டு. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு ஊருக்குள் அச்சகமும் எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலையும் இருந்தன. இரண்டையும் ஒரே ஆள் நடத்துவது நம் பக்கத்தில் அதிசயம் இல்லை. அவருடைய மிசின் ஓடாமல் வந்தது. அதில் கார்பன் தேய்ந்து போயிருந்தது. மோட்டாருக்குள் சுற்றும் செம்பின் மேல் உரசிக்கொண்டே கரண்டைக் கொடுக்கும் இரண்டு சின்னக் கரித்துண்டுகளைத்தான் கார்பன் என்பார்கள். அந்த மாடலுக்கு எங்கும் கிடைக்காத அளவு அது. ஆலை மோட்டாரின் பெரிய கார்பனை வாங்கி, அரத்தால் ராவி ராவி அண்ணன் அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். மிசின் ஓடியது. முதலாளிக்கு மிகுந்த சந்தோஷம். அச்சகத்து மிசின்தானே என்று அண்ணன் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அண்ணன் சாகும்வரை சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

பத்து நாள் இருக்கும். புதுப்பட்டி ஆலையில் வேலை செய்யும் ஆமத்தூர்ப் பெண் ஒருத்தி இருமலுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இனி இருமல் குறைந்துவிடும் என்று சிரித்தாள். “முதலாளி மிசின் கொண்டாந்திருக்காக நர்சம்மா. இப்ப பெட்டி கட்டுற ரூம்ல தூசிய எல்லாம் அதுதான் இழுக்குது. வெடிமருந்து அடைக்கிற ரூமுக்கும் ஒயர் இழுத்துக்கிட்டு இருக்காக” என்றாள். எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணனிடம் அதைச் சொன்னேன். நீங்கள் சரிசெய்த மிசின் எங்கெல்லாம் போகிறது பாருங்கள் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அண்ணன் கையை உதறிவிட்டு எழுந்தார். கார்பன் உரசும் இடத்தில் நீலப்பொறி பறந்துகொண்டே இருக்குமாம். மூடி இருப்பதால் வெளியே தெரியாதாம். மருந்து அடைக்கும் அறையில் அலுமினியப் பொடியும் கருமருந்துத் தூசியும் காற்றோடு அந்தப் பொறியின் பக்கமாகப் போனால் என்ன ஆகும் என்று அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரும்பு ஆணி தரையில் உரசியதற்கே வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் வார்டில் கட்டுப் போட்டிருக்கிறேன். வாழை இலையில் கிடத்தி வைத்திருக்கும் உடம்பைப் பார்த்தவர்களுக்குச் சோறு இறங்காது. எனக்கும் அன்று இறங்கவில்லை.

அண்ணன் அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாளியின் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி கெட்டவர் இல்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். பெண்கள் தூசி தின்று இருமுகிறார்களே என்றுதான் செலவு செய்து ஒயர் இழுத்தார். ஆனால் அவர் அண்ணன் சொன்னதை நம்பவில்லை. நெருப்பே இல்லாத மிசினில் எப்படித் தீப்பிடிக்கும், அச்சகத்தில் பிடிக்கவில்லையே என்று சிரித்துவிட்டு மோர் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலையில் எண்ணெய் போட வேண்டும் என்று சொல்லி அண்ணன் பட்டாசு ஆலைக்குப் போனார். மிசினைத் திறந்து இரண்டு கார்பனையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மிசின் நின்றது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, கார்பனே இல்லை, உருவியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். அந்த அளவு வேறெங்கும் கிடைக்காது. முதலாளி ஆள் அனுப்பி, போடுவதற்கு என்ன விலை என்று கேட்டார். அண்ணன் ஒரு முழு மிசினின் விலையைச் சொன்னார். யாரும் வாங்கக் கூடாது என்றுதான் அந்த விலை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் சாமானை உருவி வைத்துக்கொண்டு எனக்கே விற்கப் பார்க்கிறான் என்று முதலாளி கடைத்தெருவில் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லையே. கழற்றிய சாமானைக் கொடுக்காத ஒரே தடவை அது. அச்சகக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். சபையில்கூட காணிக்கைத் தட்டு எடுக்கும் பொறுப்பை அண்ணனிடமிருந்து மெல்ல வேறொருவருக்கு மாற்றினார்கள்.

காரணத்தை நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று நான் சண்டை போட்டேன். “சொன்னா பேச்சு பரவி அதிகாரி வருவாக. ஆலையை மூடுவாக. சீசன் நேரம், அந்தப் பொம்பளைக சோத்துக்கு எங்கன போவாக தாயி?” என்றார். மதினிக்கு ஆறவே இல்லை. நகக்கண் அளவுக் கரிக்காக நல்ல பெயரை விற்றுவிட்டு வந்திருக்கிறாரே என்று அழுவார். அந்த அறையில் எதுவும் நடக்கவில்லை. நடக்காததற்கு யார் சாட்சி சொல்வது? உண்மையிலேயே நடந்திருக்குமா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்ததுண்டு. அண்ணனுக்கும் வந்திருக்கும்.

கடையை மூடிவிட்டு அண்ணன் பழைய ஆலைக்கே கம்பி சுற்றப் போனார். பஞ்சுத் தூசி நெஞ்சைப் பிடித்தது. கடைசி இரண்டு மாதம் என் வார்டில்தான் கிடந்தார். அந்தச் சமயத்தில் முதலாளி பட்டாசுத் தொழிலை விட்டுவிட்டு அச்சகத்தோடு நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டு, மதினியிடம் சொல்லி வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை வரவழைத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்த இரண்டு கார்பனும் இருந்தன. “இப்பக் குடுத்துரலாம். உடையவுககிட்டச் சேத்துரு” என்றார்.

அடக்கத்துக்கு முதலாளி வந்திருந்தார். மதினியிடம், தான் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்றார். நினைவு மலரைத் தன் அச்சகத்திலேயே இலவசமாக அடித்துத் தருவதாகவும் சொன்னார்.

இதுவரை உள்ளதைத்தான் அச்சுக்கு எழுதியிருந்தேன். இனி உள்ளது பிறகு சேர்த்தது.

தாள்களையும், ஓராண்டாக என்னிடமே கிடந்த பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போன வாரம் அச்சகத்துக்குப் போனேன். முதலாளி நிதானமாக வாசித்தார். முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கே தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார்.

“உங்ககிட்டத்தான் எங்க அண்ணன் சொன்னாக. மோர் குடுத்து அனுப்புனீக” என்றேன்.

“எனக்கு ஞாபகமே இல்லையே நர்சம்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பொட்டலத்தை அவர் மேசையில் வைத்தேன். அந்த மிசின் இன்னும் அச்சகத்துக் கிட்டங்கியில், பழைய சாமான் போடும் அறையில், கிடந்தது. ஆளைக் கூப்பிட்டு இரண்டு கார்பனையும் போடச் சொன்னார். மோட்டாரின் மேல்மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னார். கிட்டங்கிக் கதவைச் சாத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டார்கள். இத்தனை வருஷம் கிடந்தும் மிசின் ஓடியது. கார்பன் உரசும் இடத்தில் நீலநீலமாகப் பொறி பறந்தது. அதை நானும் அன்றுதான் பார்க்கிறேன். முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவரே போய் ஸ்விட்சை அணைத்தார்.

கார்பனைக் கழற்றச் சொல்லி, அதே தாளில் தன் கையாலேயே மடித்து என்னிடம் நீட்டினார். “இதுக்கு உடையவுக நான் இல்ல” என்றார்.

நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் அவர் எடுக்கச் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. இந்தப் பக்கங்களுக்கு எழுத்துக் கோத்த அச்சகத்துத் தம்பிகளுக்கும், அண்ணனைக் கடைசிவரை கவனித்த டாக்டரம்மாவுக்கும் என்னோடு வேலை செய்யும் நர்சுகளுக்கும், ஜெபித்து ஆறுதல் சொன்ன சபை ஐயரவர்களுக்கும், அண்ணன் யார் என்று சரியாகத் தெரியாமலே ஆமத்தூரிலிருந்து நடந்து வந்து எங்களோடு அழுத ஆலைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அச்சுக்கூலியை மட்டும் கொடுத்துவிட வேண்டும் என்று மதினி சொன்னார். கொடுத்துவிட்டோம்.

பொட்டலத்தை மதினியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். “இத அவுக இருக்கும்போதே அவுக கையில குடுத்திருக்கணும்” என்றார்.

இப்படிக்கு,
தங்கை