பொன்னுத்தங்கத்தின் ஆயிரம்

ஆமத்தூர் பொன்னுத்தங்கம் திருத்தங்கல் பக்கத்தில் ஒரு வெடி கம்பெனியில் இருபத்தோரு வருடமாகச் சரவெடி பின்னுகிற பெண். ஜனவரியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறவை எண்ணுகிறவர். இரண்டாவது வேலைக்குக் கூலி கிடையாது. காலையில் இட்லியும் மதியம் தயிர்ச்சோறும் உண்டு.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்கு ஒரு மாதம் லீவு. கூட வேலை பார்க்கிறவர்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவார்கள். பொன்னுத்தங்கம் பழையகாயலில் இருக்கும் தங்கச்சி முத்துப்பேச்சி வீட்டுக்குப் போவார். தங்கச்சி மாப்பிள்ளை உப்பளத் தொழிலாளி. அந்த மாதங்களில் அவருக்கும் வேலை இருக்காது. மழையில் பாத்திகள் நிரம்பி, தாமிரபரணி கடலில் சேரும் இடம்வரை ஒரே தண்ணீரும் சேறுமாகக் கிடக்கும். வடக்கேயிருந்து வரும் பறவைகளுக்கு அந்தச் சேறுதான் சாப்பாடு.

முதல்முறை பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தபோது பொன்னுத்தங்கம் கேட்ட கேள்வி, அது என்ன பறவை என்பதல்ல. எம்புட்டு இருக்கும் என்பதுதான். மாப்பிள்ளை, கிடக்கும் நிறைய என்றாராம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தன்னால் சோறு தின்ன முடியவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

நான் சூலக்கரையில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். தூத்துக்குடியில் விலங்கியல் கற்பிக்கும் பேராசிரியர் லட்சுமிகாந்தம் ஆண்டுதோறும் பழையகாயலில் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வருவேன். 2006 ஜனவரியில் அங்கேதான் பொன்னுத்தங்கத்தைப் பார்த்தேன். பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்தவர், உப்பளக் கரையில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். பேராசிரியர் தொலைநோக்கியில் பார்த்து, நெடுங்கால் உள்ளான் ஐம்பத்து நான்கு என்றார்.

"அம்பத்தாறு சார்," என்று குரல் வந்தது. "அந்த மடைக்குப் பின்னால ரெண்டு நிக்கி."

நின்றன. பேராசிரியர் அவரைப் பக்கத்தில் அழைத்துத் தன் பைனாகுலரைக் கொடுத்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "இதுல பாத்தா பறவை தெரியுது சார். கூட்டம் தெரியல," என்றார்.

அன்று மாலைவரை கரண்டிவாயன், ஆலா, ஊசிவால் வாத்து என்று எதைக் காட்டினாலும் எண்ணிச் சொன்னார். இரட்டை இரட்டையாக, சரம் பின்னும் கணக்கில், உதடு அசைய எண்ணினார். இருநூறு வரைக்கும் பிசகவில்லை. அதைத் திறமை என்று சொல்ல நான் அப்போது தயாராக இல்லை. பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

பெரிய கூட்டத்தை யாரும் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நாங்கள் பத்துப் பறவையைக் கண்ணால் கட்டம் கட்டி, அந்தக் கட்டம் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று பார்ப்போம். பொன்னுத்தங்கத்துக்குக் கட்டம் தேவைப்படவில்லை. எதிர்க்கரையில் நீள வரிசையாக நின்ற பூநாரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணு ஆயிரம் இருக்கு," என்றார். என் குறிப்பேட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு மூவாயிரம் என்று நானே மாற்றினேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. சின்ன எண்ணில் தவறாதவர் பெரிய எண்ணிலும் தவற மாட்டார் என்பது எங்கள் எண்ணம். அதற்கு ஆதாரம் என்ன என்று அன்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பேராசிரியரின் பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'எண்ணியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பூநாரை வரியில் 'பொன்னுத்தங்கம், ஆமத்தூர்' என்று எழுதினார்கள். பொன்னுத்தங்கம் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். கம்பெனி நோட்டில் அவர் பதினேழாம் நம்பர். அடுத்த இரண்டு வருடமும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோவில்பட்டியில் பஸ் மாறித் தூத்துக்குடி வந்து, எல்லோருக்கும் முன்னால் கரையில் நின்றார். மூன்று வருடமும் பூநாரை வரி அவருடையது. அந்த எண்களை வைத்துத்தான், இந்தச் சதுப்பை மண்கொட்டி மூட விடக்கூடாது என்று பேராசிரியர் அரசுக்கு அறிக்கை எழுதி அனுப்பியிருந்தார்.

பிசகு தெரிந்தது 2008 தீபாவளிச் சீசனில்.

அந்தக் கம்பெனியில் ஆயிரம் வாலா சரத்தை யாரும் எண்ணிப் பின்னுவதில்லை. சுவரிலிருந்து அளந்து, இரண்டாவது தூணுக்குச் சற்று முன்னால் தரையில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கும். கோட்டைத் தொட்டால் ஆயிரம். அதற்குள் ஆயிரம் வெடி இருக்காது என்று பின்னுகிற எல்லோருக்கும் தெரியும்; அதைச் சொல்லிச் சிரித்தும்கொள்வார்கள். அந்த வருடம் வடக்கே ஒரு கடைக்காரர் சரத்தைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டார். தன் ஆர்டரில் ஆயிரம் என்றால் ஆயிரமே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பொன்னுத்தங்கத்தையும் பக்கத்துப் பெண் பத்திரகாளியையும் எண்ணிப் பின்னச் சொன்னார்கள். சரம் கோட்டைத் தாண்டியது, தூணைத் தாண்டியது, வாசற்படியில் போய் நின்றது.

"யக்கா, இன்னும் நாலு வெடி வச்சா பஸ் ஸ்டாண்டுக்கே போயிரும் போல," என்றாள் பத்திரகாளி. அறையே சிரித்தது. பொன்னுத்தங்கம் சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய அளவில் பின்னிய ஒரு சரத்தை எடுத்துவைத்து, முதலிலிருந்து கடைசிவரை எண்ணினார். அறுநூற்று இருபது.

அவர் கண் இருபத்தோரு வருடமாக ஆயிரம் என்று பழகியிருந்தது அந்த அறுநூற்று இருபதைத்தான். எதிர்க்கரைப் பூநாரைகளை அவர் அளந்ததும் அதே அளவால்தான். கோடு பொய் என்பது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் திருத்தங்கலில் தெரிந்தது பழையகாயலுக்குக் கூடவே வரவில்லை. ஒரு விஷயத்தை அறிந்திருப்பது என்றால் என்ன என்று எத்தனையோ பேர் எழுதிப் படித்திருக்கிறேன். அறிந்தது ஒரு பஸ் பயணத்தைக்கூடத் தாங்காது என்று அவர்களில் யாரும் சொன்னதாக நினைவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவர் முனியராஜிடம் சொல்லியிருக்கிறார். முனியராஜ் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவர்.

"நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது? பறவை வந்து கேஸ் போடுமாக்கும்?"

"பறவைக்கு என்ன தெரியும். எம் பேரப் போட்டுல்ல எழுதி வச்சிருக்காக."

சொன்னால் அடுத்த வருடம் தன்னைக் கரையில் நிற்க விடமாட்டார்கள் என்று அவர் நம்பினார். அதைவிடப் பெரிய கவலை, எண்ணிக்கை இறங்கினால் பறவை குறைந்துபோனதாக நினைத்துச் சதுப்பை மூடிவிடுவார்களோ என்பது. சொல்லாமல் போவதென்றால் போகாமலே இருந்துவிடலாம் என்றும் யோசித்திருக்கிறார். மார்கழிவரை இதே பேச்சாக இருந்ததில் முனியராஜுக்கே பொறுக்கவில்லை. ரெண்டு சரத்தையும் நேரில் கொண்டுபோய்க் காட்டிவிடு என்றாராம். வெடியோடு எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று திட்டிவிட்டு, பொன்னுத்தங்கம் இரண்டு சரத்தின் நீளத்துக்கும் சணல் கயிறு வெட்டிக்கொண்டார்.

2009 ஜனவரி. நாங்கள் போய் இறங்கும்போது அவர் கரையில் நின்றிருந்தார். அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு கயிற்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, காற்றில் பறக்காமல் முனைகளில் கல் வைத்தார். பிறகு பேராசிரியரைக் கூப்பிட்டு, சின்னது எது, பெரியது எது, இதுவரை தான் சொன்ன ஆயிரம் எது என்று முழுவதையும் சொல்லி முடித்தார்.

பேராசிரியர் குனிந்து, கயிறுகளை முனையிலிருந்து முனைவரை பார்த்தார். அவர் அறிக்கையில் மூன்று வருட எண்கள் இருந்தன. அவர் முகத்தில் அது தெரிந்தது. பொன்னுத்தங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், போகச் சொன்னால் போய்விட வசதியாக.

"இந்தச் சின்ன ஆயிரம் எல்லா வருஷமும் இதே அளவுதானாம்மா? ஒரு வருஷம் கூட, ஒரு வருஷம் குறைய இல்லையே?" என்று பேராசிரியர் கேட்டார்.

அதில் பொன்னுத்தங்கத்துக்கு லேசாகக் கோபம் வந்தது. "கோடு போட்ட எடத்துலதான் சார் இருக்கு. ஏங் கண்ணு நாளுக்கொண்ணா மாறாது."

பேராசிரியர் கரையிலேயே உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். மூவாயிரம் என்று எழுதிய இடத்தில் ஆயிரத்து எண்ணூற்று அறுபது வந்தது. அடுத்த இரண்டு வருடங்களையும் அப்படியே திருத்தினார். மற்றவர்களுடைய தப்பு ஆளுக்கு ஒன்றாக, வெயிலுக்கு ஒன்றாக மாறும், அதைத் திருத்த வழியே கிடையாது, இவருடையதைத் திருத்த ஒரு பெருக்கல் போதும் என்றார். திருத்தினாலும் எண்ணிக்கை மூன்று வருடத்துக்கும் ஒரே விகிதத்தில்தான் இறங்குகிறது, பறவை குறைந்ததாக யாரும் வாதாட முடியாது, அரசுக்கு மறுகடிதம் எழுதிவிடலாம் என்றும் சொன்னார். பாராட்டும் தொனி இல்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நான் என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அடித்த கோட்டுக்கு அடியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் இன்னும் படிக்கத் தெரிந்தது. மூன்று வருடத்தில் தன் எண்ணைத் தானே பொய்யாக்கிக்கொண்டவன் நான்தான். பொன்னுத்தங்கம் கண்டதைச் சொன்னார். கண்ட அளவு தப்பு என்று தெரிந்ததும், கேட்பதற்கு ஆளில்லாதபோதும், கயிறு வெட்டிக்கொண்டு வந்து அதையும் சொன்னார். பழக்கம் என்று நான் நினைத்திருந்ததற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது.

எதிர்க்கரையில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. பேராசிரியர் பேனாவைத் திறந்தபடி பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார். பொன்னுத்தங்கம் பையைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார், கயிறுகளைப் பார்த்தார், திரும்பக் கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவர் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"ஆயிரத்து நானூறு."

"எந்த ஆயிரம்?"

"அந்தா நீளமாக் கெடக்குல்ல சார், அது."

பேராசிரியர் எழுதினார். கடைசிக் கட்டத்தில் பெயரையும் எழுதினார்.

மதியம் சாப்பிட்டு எழுந்தபோது தங்கச்சி முத்துப்பேச்சி, அக்கா ஊருக்குக் கொண்டுபோக ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்தாள். பையின் காது அறுந்திருந்தது. பொன்னுத்தங்கம் சின்னக் கயிற்றை எடுத்து அதன் வாயை இறுக்கிக் கட்டினார். பெரியதைச் சுருட்டி, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.