வெள்ளிக்கிழமை மட்டும் அறுந்த நெட்வொர்க்

ஃபேக்டரிப் பக்கமிருந்து வரும் வாடிய கொழுந்து வாசம், கூடவே பிழை வந்தால் கம்ப்யூட்டர் போடும் அந்த ‘டொங்’ சத்தம்… இரண்டும் சேர்ந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைகள்தான் ஞாபகம் வரும்.

2004. இரத்தினபுரி மாவட்டத்தில், கலவான பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸ். தொழிலாளர் லயத்திலிருந்து போய் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் பெண் நான். ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் அம்மா, “மக ஆபீஸ்ல” என்று தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

மூன்று கம்ப்யூட்டர்கள். ஃபைல் எல்லாம் பெரிய கிளாக்கர் அறையிலிருந்த சர்வரில். நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி, ரெக்கார்ட் ரூம் அலமாரி மேல்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியானால் சர்வர் காணாமல் போகும். பாதி டைப் செய்த ஃபைல் போயே போய்விடும். கேபிளைக் கழற்றி மாட்டுவேன், ரீஸ்டார்ட் செய்வேன், சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று பிங் அடித்துப் பார்ப்பேன்… கடைசியில் சுவிட்சைப் பார்க்கப் போவதற்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இரத்தினபுரியிலிருந்து டெக்னீசியன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கென்று அது நல்ல பிள்ளையாக வேலை செய்தது!

பெரிய கிளாக்கர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்.

“நீ வந்த பொறகுதானே இந்தக் கரச்சல்? வாற வெள்ளிக்கிழமையும் இப்படின்னா, தோட்டத்துத் தொரகிட்ட சொல்லி வேற ஆள்தான் எடுக்கணும்.”

அவர் சொன்னது உண்மை. நான் வருவதற்கு முன் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அதுதான் எனக்குப் பயம்… அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்துக்கு முன்பே ரெக்கார்ட் ரூமில் போய் நின்றேன். ஆபீஸ் பியூன் முருகையா அண்ணன் வந்தார். அலமாரிப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படத்துக்குப் பத்தி கொளுத்தினார். பிறகு சாவகாசமாக சுவிட்சின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கலர் பல்ப் மாலையைச் சொருகினார்.

“ஐயோ அண்ணே! என்னா செய்றீங்க?”

“பூசை முடியிற வரைக்குந்தானே புள்ள… மறுபடி சொருகிருவேன். நீ வேலைக்கு வந்ததிலருந்து போடுறேன். ஒனக்கு பெர்மனன்ட் ஆகணும்னு.”

முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நிமிஷமே அழுகை வந்துவிட்டது.

“ஏன் புள்ள அழுவுற? கெடச்சிரும்.”

அவரால்தான் சர்வர் விழுகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. பெரிய கிளாக்கரிடம், “பிளக் லூசா இருந்திச்சுங்க சேர்” என்றேன். மதியமே டவுனுக்கு ஓடி ஒரு மல்டி பிளக் வாங்கி வந்தேன்.

“இனி ரெண்டையும் இதில போடுங்கண்ணே.”

அதன் பிறகு சர்வர் விழவே இல்லை. வேலை நிரந்தரமானதற்கான கடிதம் வந்த அன்று முருகையா அண்ணனுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா, நான் சொன்னேன்ல?”

“ஆமாண்ணே” என்றேன்.

இப்போது கொழும்பில் இருக்கிறேன். லைன் அறுந்தால் காரணத்தோடு ஃபோனுக்கே மெசேஜ் வந்துவிடுகிறது. போன மாதம் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. மறுபடியும் அதே பயம்… பக்கத்து சீட்காரருக்கு என் முழுப் பெயர்கூடத் தெரியாது. எனக்காக வேண்டிக்கொள்ள ஒருத்தராவது இந்த ஆபீஸில் இருக்கிறாரா என்று சுற்றிப் பார்த்தேன்.