இரண்டாம் வரிசையில் ஒரு காலி இடம்

எர்சிலியா மராங்கோன் மேடையேற்றிய எந்த ஓபராவிலும், கூட்டமாக ஆடும் காட்சி வந்தால், இரண்டாம் வரிசையில் மூன்றாவது இடம் காலியாக இருக்கும். ஆடுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மிலானோ பத்திரிகைக்காரர்கள் அதில் ஏதோ தத்துவம் இருப்பதாகப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சுத்தப் புருடா. நீவெஸ் செத்தபோது நின்றிருந்த இடம் அது.

கயிற்றை விட்டவன் நான், ஒலிந்தோ. இத்தாலியில், போ என்ற ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் ஊர்த் தியேட்டரில், மேடைக்கு மேலே பரணில் நின்று திரைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. கீழே இருந்து விசிலில்தான் உத்தரவு வரும். நீளமாக ஒன்று என்றால் இறக்கு. குட்டையாக இரண்டு என்றால் நிறுத்து. அதனால் வேறு எவரும் மேடையில் விசிலடிக்கக் கூடாது.

1961 பிப்ரவரி. எர்சிலியா நடனம் அமைக்க வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது. நடனப் பள்ளியில் இருந்து நேராக வந்தவள், மேடையின் பழக்கவழக்கம் எதுவும் தெரியாது. பியானோக்காரர் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தார். கீழே அவளும், ஆட்டம் பழகிக்கொண்டிருந்த நீவெஸும் மட்டும். நீவெஸ் எங்கள் மேடைத் தச்சரின் மகள். அந்தப் பலகைகள் மேலேயே வளர்ந்தவள், எங்கள் விசில் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நீளமாக ஒரு விசில் கேட்டது. யார் அடித்தது என்று பார்க்காமல் கயிற்றை ஓடவிட்டேன். திரை கட்டிய மரச்சட்டம் நீவெஸ் தலையில் இறங்கியது.

விசாரணையில் எர்சிலியா அழுதுகொண்டே, “யாரும் விசிலடிக்கலை” என்றாள். காலையில் நான் ஒரு கிளாஸ் ஒயின் குடித்திருந்தேன். அது போதாதா? குடிகாரன் என்று எழுதி, பரணிலிருந்து இறக்கி, வாசல் காவலுக்குப் போட்டார்கள். என் காதுதான் பொய் சொல்லிவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன்.

எர்சிலியா புகழில் வளர்ந்தாள். த்ரியெஸ்தே, வெனிஸ், வியன்னா. நடனம் அமைத்தவள் முழு ஓபராவையே இயக்கத் தொடங்கினாள்; எல்லோருக்கும் ‘மாயெஸ்த்ரா’, அதாவது குரு, ஆனாள். கோபக்காரி. பாடகர்களை அழவைப்பாள்; மறுநாள் தன் கையால் பொலெந்தா என்கிற சோளமாவுக் களி கிண்டிப் போடுவாள். சில வருடங்களுக்கு ஒருமுறை எங்கள் ஊருக்கும் வருவாள். என் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஒருமுறை ஒத்திகையில் ஒரு பெண் தவறிப்போய் அந்தக் காலி இடத்தில் கால் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“பெரியவரே, யாரு விசிலடிச்சது?”

“எப்படிம்மா கேட்டுச்சு?”

“குட்டையா ரெண்டு. என் காதுக்குள்ளயே.”

பிறகு எர்சிலியாவின் ஓபராக்களில் வேறு ஊர்களில் ஆடியவர்களும் என்னிடம் அதையே சொன்னார்கள். எந்த ஊர் மேடையானாலும் அதே இடம், அதே குட்டை விசில் இரண்டு.

1992-இல், இதுதான் கடைசி ஓபரா என்று சொல்லிக்கொண்டு எர்சிலியா வந்தாள். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் என் அறைக்கு வந்து நின்றாள்.

“ஒலிந்தோ, பரண்ல கொஞ்சம் ஏறுறீங்களா?”

“அங்க என்ன இருக்கு மாயெஸ்த்ரா? எல்லாம் மோட்டார் ஆயிடுச்சு. கயிறே கிடையாது.”

“தெரியும். ஏறுங்க.”

முட்டி வலிக்க ஏறினேன். கீழே அவள் அந்த இடத்தில் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, நீளமாக விசிலடித்தாள். முடிவில் சற்றே மேலே ஏறும், அன்று நான் கேட்ட அதே விசில். என் காது பொய் சொல்லவில்லை.

“நான்தான் அடிச்சேன். அவளுக்கு மெட்டு சொல்லிக் குடுக்க. சொன்னா என் வாழ்க்கை போயிடும்னு பயந்துட்டேன்.”

“அப்ப என் வாழ்க்கை?” என்று கத்தினேன். “முப்பத்தொரு வருஷம்டி, பாவி!”

“அதான் வந்து நிக்கிறேன். இறக்குங்க.”

மறுபடி நீளமாக அடித்தாள்.

என் கைகள் தாமாகத் திறந்தன. இல்லாத கயிறு உள்ளங்கையைப் பொசுக்கிக்கொண்டு ஓடியது. கனமான ஏதோ ஒன்று என்னைத் தாண்டி இருட்டில் விழுந்தது. அவள் நகரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நிறுத்த எனக்கு மனமில்லை.

அப்போது கீழே, அவள் தோளருகே, குட்டையாக இரண்டு விசில். என் கைகள் இறுக மூடிக்கொண்டன. அவளுடைய நரைத்த முடி காற்றில் ஒருமுறை பறந்து அடங்கியது. அவள் தலைக்கு மேலே எதுவும் இல்லை.

இறங்கிப் போய் உள்ளங்கைகளைக் காட்டினேன். தோல் உரிந்து ரத்தம். அதில் ஒட்டிய சணல் நார்.

“நான் நீளமா மட்டும்தானே அடிச்சேன்,” என்றாள்.

“நிறுத்தச் சொல்லி குட்டையா அடிச்சது நீவெஸ்,” என்றேன். “அன்னைக்கும் அடிச்சிருப்பா. எனக்கு இன்னைக்குத்தான் கேட்டுச்சு.”