நாலு அங்குலம் அதிகம்

நான் மெத்தை தைத்து விற்பவன். ஆறாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து, மூன்றாவது வருடம் எழுந்து வந்தவன். முப்பது பேர் வேலை செய்யும் பட்டறை வைத்த பிறகு அந்தத் தோல்வியே எனக்குப் பட்டமாகிவிட்டது. கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். "படிப்பா என்னை முதலாளி ஆக்கிச்சு?" என்று கேட்பேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

மேடையில் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு விடுதிக்குத் தைத்த மெத்தைகளில் மிஞ்சிய துண்டுகளைத் தலையணையாக்கி, அதே விடுதிக்கு விற்ற கதை. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று மார்தட்டுவேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் சொன்னாள். "அப்பா, நாளைலேருந்து நான் காலேஜ் போகலை. பட்டறைக்கு வர்றேன்."

"ஏம்மா?"

"படிப்பு எதுக்குன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க. வெள்ளிக்கிழமை எங்க காலேஜுலயும் சொல்லப் போறீங்களாமே."

மனைவியைப் பார்த்தேன். பட்டறைக்கு வரும் தாள்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும் அவள்தான், பட்டதாரி.

"என்னை ஏன் பாக்குறீங்க? கைதட்டு வாங்கினது நீங்கதானே," என்றாள்.

மகள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் பட்டறைக்கு வந்து அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவள் படிப்பு நின்றால் அது என் வாயால்தான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் மனைவியும், பக்கத்தில் கழுத்தில் நாடாவோடு மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தலையணைக் கதையோட முதல் பாதியை நான் இதுவரைக்கும் சொன்னதில்லை," என்று ஆரம்பித்தேன்.

விடுதி தந்த தாளில் கட்டிலின் உள்ளளவு தெளிவாக இருந்தது. அன்று மனைவி ஊரில் இல்லை. நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். அதைக் காட்டிக்கொள்ளாமல் கண்ணாடியை மாட்டி, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு போய் ஒரு கட்டிலை வெளிப்பக்கமாக அளந்து வந்தேன். நூற்றிருபது மெத்தையும் நாலு அங்குலம் அதிகம். கட்டிலில் போட்டால் நடுவில் கூன் விழுந்து நின்றன. திரும்பி வந்த மனைவிதான் கணக்குப் போட்டு வெட்டச் சொன்னாள்; வெட்டியதைத் தலையணையாக்கச் சொன்னதும், விடுதிக்குக் கடிதம் எழுதியதும் அவளே. நான் கத்தரியைப் பிடித்ததோடு சரி.

"ஆறாங்கிளாஸ் படிச்சவன் ஜெயிக்கலை. பி.எஸ்ஸி. படிச்சவளோட புருஷன்தான் ஜெயிச்சான்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாரம் இறங்கிவிட்டது.

மகள் நாடாவைக் கழற்றி அம்மா மடியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

கல்லூரியில் கொடுத்த நினைவுப் பலகையை வீட்டுக்கு எடுத்துவந்தேன். பழக்கதோஷத்தில் கண்ணாடியைத் தேடி, பிறகு பலகையை மனைவியிடம் நீட்டினேன். "படிச்சுச் சொல்லேன்."

"வெற்றிக்குப் படிப்பு தேவையில்லை என்று நிரூபித்தவருக்கு," என்று நிறுத்தி நிதானமாகப் படித்தாள். போன வாரமே அடித்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"எங்க மாட்டலாம்?" என்று கேட்டேன்.

"நம்ம கட்டில் கால் ஒண்ணு ஆடுதில்ல, அதுக்கு அடியில வைங்க."